முதல் நுழைவு, கடைசி வெளியேற்றம்: ஒரு சூப்பர்மார்க்கெட் பார்க்கிங் நோட்டீஸ்

லண்டனுக்கு வெளியே ஒரு ஊர். அங்கே ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட். அதன் கார் பார்க்கில் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு மணி நேரம் இலவசம். கார் பார்க்கைக் கடை நடத்தவில்லை, ஒரு தனியார் பார்க்கிங் நிறுவனம் நடத்துகிறது. அந்த நிறுவனத்திடமிருந்து எங்கள் தெருவில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குத் தபாலில் நோட்டீஸ் வந்தது. மார்ச் 8, சனிக்கிழமை, உங்கள் வண்டி காலை 10:12-க்கு உள்ளே வந்து பிற்பகல் 3:09-க்கு வெளியே போயிருக்கிறது, மொத்தம் 4 மணி 57 நிமிடம், ஆகவே 100 பவுண்டு கட்டவும், 14 நாளுக்குள் கட்டினால் 60 பவுண்டு போதும். சாரம் இவ்வளவுதான். கீழே இரண்டு படங்கள். ஒன்றில் வண்டியின் முன்பக்கம், மற்றதில் பின்பக்கம். இரண்டிலும் எண் பளிச்சென்று தெரிகிறது, நேரமும் அச்சாகியிருக்கிறது.

படங்கள் இரண்டும் உண்மை. அவற்றிலிருந்து கணக்கிட்ட 4 மணி 57 நிமிடம்தான் தப்பு. அன்று அந்த வண்டி கடைக்கு இரண்டு தடவை போயிருந்தது. காலையில் காய்கறி, பால் வாங்க ஒரு நடை. விட்டுப்போன சாமான் வாங்க மத்தியானம் இன்னொரு நடை. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. காலையில் போன முதல் நுழைவையும், மத்தியானம் வந்த கடைசி வெளியேற்றத்தையும் கம்ப்யூட்டர் ஒட்டிவைத்து ஒரே வருகையாக்கிவிட்டது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தது அந்த வீட்டு அக்கா. வண்டி அவர் கணவர் பேரில் பதிவாகியிருக்கிறது. இந்த மாதிரிக் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதிக் கொடுப்பதும் எனக்குப் பழக்கம் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அக்காவின் முதல் கேள்வி: "தம்பி, அறுபது பவுண்டைக் கட்டிட்டா விட்டுடுவாங்கதானே?" விட்டுவிடுவார்கள். அதோடு முறையீடு செய்யும் வாய்ப்பும் போய்விடும். இந்த 60 பவுண்டுச் சலுகை வேலை செய்வதே இப்படித்தான். தன் பக்கம் நியாயம் இருக்கிறவர்கூட, 100 ஆகிவிடுமோ என்ற பயத்தில் கட்டிவிடுகிறார். ஆனால் 14 நாளுக்குள் முறையிட்டால், அது நிராகரிக்கப்பட்டாலும் சலுகைத் தொகையில் கட்ட வழக்கமாக இன்னொரு வாய்ப்பு தருவார்கள். ஆகவே முதல் கட்டத்தில் முறையிடுவதால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த கட்டத்துக்குப் போனால்தான் அந்த 40 பவுண்டு வித்தியாசத்தைப் பணயம் வைக்கிறோம்.

அவர் கணவர் இதற்கு நேரெதிர். "தனியார் கம்பெனிக்காரன் அனுப்பின டிக்கெட் செல்லாது, குப்பையில போடு" என்று வேலையிடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த ஆலோசனை ஓரளவு பலித்தது உண்மைதான். இப்போது பலிக்காது, அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, 2012-ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம். தனியார் நிலத்தில் வண்டிக்குச் சக்கரப் பூட்டுப் போடுவதை இந்தச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்தது. பதிலுக்குப் பார்க்கிங் நிறுவனங்களுக்கு ஒன்றைக் கொடுத்தது. வண்டியை ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால், சில நிபந்தனைகளை நிறைவேற்றிவிட்டு, யார் பேரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரிடமே பணம் கேட்கலாம். சட்டத்தின் 4-ஆவது அட்டவணை இதைச் சொல்கிறது. ஸ்காட்லாந்துக்கு அந்த அட்டவணை பொருந்தாது. அங்கே இருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, 2015 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. செல்ம்ஸ்ஃபர்டில் ஒரு கடைத்தொகுதியின் கார் பார்க்கில் இரண்டு மணி நேர இலவசத்துக்கு மேல் 56 நிமிடம் நின்றதற்காக பீவிஸ் என்பவரிடம் பார்க்கிங்ஐ நிறுவனம் 85 பவுண்டு கேட்டது. நஷ்டமே இல்லாதபோது 85 பவுண்டு என்பது தண்டனைத் தொகை, ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது என்று அவர் வாதாடினார். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அதை ஏற்கவில்லை. இடத்தைச் சுழற்சியில் வைத்திருப்பது நியாயமான நோக்கம், பலகைகள் பெரிதாகத் தெளிவாக இருந்தன, ஆகவே தொகை செல்லும் என்றார்கள். அந்த வழக்கில் நிறுவனம் நிலத்துக்காரருக்கு வாரம் 1,000 பவுண்டு கொடுத்துக்கொண்டிருந்தது என்பதும் வெளிவந்தது. அதாவது வருமானமே இந்த நோட்டீஸ்களிலிருந்துதான். அதுவும் நீதிமன்றத்தின் மனதை மாற்றவில்லை. 'பத்துப் பவுண்டுக்குச் சாமான் வாங்கினவனிடம் நூறு கேட்பது அநியாயம்' என்று இன்று எழுதினால், படிப்பவர் தலையாட்டிவிட்டு நிராகரிப்பார்.

இது அரசு விதித்த அபராதமும் இல்லை. உள்ளாட்சியான கவுன்சில் அனுப்புவதைப் போலவே உறை, நிறம், எழுத்து எல்லாம் இருக்கும். ஆனால் இது பலகையில் எழுதியிருக்கும் ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று ஒரு நிறுவனம் அனுப்பும் பில். கட்டாவிட்டால் அவர்கள் கவுன்ட்டி கோர்ட் என்ற சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். போலீஸ், லைசென்ஸில் தண்டனைப் புள்ளி எதுவும் இதில் வராது. அக்காவுக்கு இது மட்டும் புரிந்ததே பாதி நிம்மதி.

கேமரா எப்படித் தவறவிடுகிறது

எண் படிக்கும் கேமரா வண்டி நிற்பதைப் பார்ப்பதே இல்லை. வாசலைத் தாண்டும் ஒரு நொடியைத்தான் பார்க்கிறது. உள்ளே வரும்போது ஒரு படம், வெளியே போகும்போது ஒரு படம். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது மென்பொருளின் ஊகம். ஒரே எண்ணில் ஒரு நுழைவும் அதற்குப் பின் ஒரு வெளியேற்றமும் இருந்தால் அது ஒரு வருகை என்று சேர்த்துவிடும்.

காலை வெளியேற்றத்தையும் மத்தியான நுழைவையும் கேமரா தவறவிட்டால் கதை முடிந்தது. தவறவிட ஆயிரம் காரணம். முன்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு போகும். நம்பர் பிளேட்டில் சேறு இருக்கும். தாழ்ந்த வெயில் நேராகக் கண்ணாடியில் அடிக்கும். தள்ளுவண்டியோடு ஒருவர் குறுக்கே நடப்பார். ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்தாலும் போதும், அந்தப் பதிவு துணையில்லாமல் தனியாகத் தொங்கும். ஒரே நாளில் இரண்டு முறை வருபவரின் முதல் நுழைவு கடைசி வெளியேற்றத்தோடு சேர்ந்துவிடும் பிரச்சினை இருக்கிறது என்பதைப் பார்க்கிங் நிறுவனங்களின் சங்கமான பிபிஏவே முன்பு ஒப்புக்கொண்டிருக்கிறது. நோட்டீஸ் அனுப்பும் முன் படங்களை ஒரு மனிதர் சரிபார்க்க வேண்டும் என்று அவர்களின் நடத்தை விதிகளும் சொல்கின்றன. அக்காவின் வண்டி விஷயத்தில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட்டில் ஒருவர் ஐந்து மணி நேரம் என்னதான் செய்வார் என்ற கேள்விகூட யாருக்கும் எழவில்லை போலிருக்கிறது.

வண்டியைப் பற்றிய ஆதாரம்

அக்கா வீட்டில் இரண்டு பில்லும் கிடைத்தன. ஒன்று குப்பைத்தொட்டிக்குப் போகும் வழியில் இருந்த பையிலிருந்து. மற்றது கிடைக்கவில்லை என்று நினைத்தபோது கடையின் பாயின்ட் அட்டைச் செயலியில் முழுதாக இருந்தது. காலை பில் 10:44, மத்தியான பில் 3:02. வங்கிக் கணக்கிலும் இரண்டு தடவை பணம் போன பதிவு இருந்தது.

இது போதும் என்று அவர் நினைத்தார். போதாது. இரண்டு பில்லும் எதைக் காட்டுகின்றன? ஒருவர் 10:44-க்கும் 3:02-க்கும் கடையில் பணம் கட்டினார் என்பதை. வண்டி நடுவில் வெளியே போனது என்பதைக் காட்டவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை வாங்கினார் என்று நிறுவனம் சொல்லலாம், சொல்லவும் செய்வார்கள். போனில் இருக்கும் இடப் பதிவுக்கும் இதே குறை. அது போன் போன வழியைச் சொல்கிறது, வண்டி போன வழியை அல்ல.

ஆகவே அன்று 10:44-க்கும் 3:02-க்கும் நடுவில் அந்த வண்டியை, ஆளை அல்ல, வேறு இடத்தில் பார்த்த யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "டயர் கடைக்குப் போச்சே" என்றார்கள். இடது பின் சக்கரத்தில் ஆணி. பஞ்சர் ஒட்டிய பில் காரின் கையுறைப் பெட்டியிலேயே கிடந்தது. அதில் வண்டி எண், ஓடிய மைல் கணக்கு, 12:20 என்ற நேரம் எல்லாம் இருந்தன. வாடிக்கையாளர் பேர் இருக்கும் இடத்தில் கணவர் பேர். கடை சூப்பர்மார்க்கெட்டிலிருந்து மூன்று மைல் தள்ளி. இந்த விவகாரத்தில் இதைவிட நல்ல காகிதம் கிடைக்காது. அதைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

எல்லாருக்கும் டயர் பஞ்சராகாது. வண்டி எண்ணோடு நேரம் பதிவாகும் வேறு இடங்கள் உண்டு: வேறொரு கார் பார்க்கில் எண்ணைத் தட்டி வாங்கிய சீட்டு, கார் கழுவும் இடம், டேஷ் கேமராப் பதிவு, வீட்டு வாசல் கேமராவில் வண்டி நிற்கும் படம். பெட்ரோல் பங்கில் கேமரா இருக்கும், ஆனால் பதிவைச் சீக்கிரமே அழித்துவிடுவார்கள். நோட்டீஸ் வந்த அன்றே கேட்க வேண்டும்.

பதினான்கு நாள் கணக்கு

டயர் கடை பில்லைத் தேடிக்கொண்டிருந்தபோதே நோட்டீஸில் இன்னொன்று கண்ணில் பட்டது. வண்டியில் சீட்டு ஒட்டாமல், கேமராவை மட்டும் வைத்து நேராகத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினால், பதிவுதாரரைப் பொறுப்பாக்க அது 14 நாளுக்குள் அவர் கையில் சேர வேண்டும். அனுப்பினால் போதாது, சேர வேண்டும். சம்பவம் நடந்த மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். மார்ச் 9-இல் தொடங்கினால் 14-ஆவது நாள் மார்ச் 22, சனிக்கிழமை.

நோட்டீஸில் போட்டிருந்த தேதி மார்ச் 20, வியாழன். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு நாள் மிச்சம் வைத்தே அனுப்பிவிட்டார்கள். ஆனால் தபாலில் போட்டது எப்போது சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்பதையும் அதே அட்டவணை சொல்கிறது: போட்ட நாளுக்குப் பிறகு வரும் இரண்டாவது வேலை நாள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை வேலை நாளில் சேராது. வியாழன் போட்டால் வெள்ளி முதல் வேலை நாள், திங்கள் இரண்டாவது. மார்ச் 24. இரண்டு நாள் தாமதம். உண்மையில் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. அதற்கு நம்மிடம் சாட்சி இல்லை. சட்டத்தின் கணக்கே போதும் என்பதால் தேவையும் இல்லை. நோட்டீஸ் தேதி என்பது அச்சான தேதி, தபாலில் சேர்ந்த தேதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. உறையையும் பத்திரப்படுத்துங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

14 நாள் தவறினால் பணம் கேட்கும் உரிமையே போய்விடாது. பதிவுதாரரிடம் கேட்கும் உரிமைதான் போகும். ஓட்டியவர் யாரென்று தெரிந்தால் அவரிடம் எப்போதும் கேட்கலாம். இங்கேதான் முடிச்சு.

யார் ஓட்டினார்?

இந்தக் கேள்விக்கு நான் இந்தக் கட்டுரையிலும் பதில் எழுதப் போவதில்லை. தனியார் பார்க்கிங் விவகாரத்தில் ஓட்டியவர் பேரைச் சொல்லும் கட்டாயம் பதிவுதாரருக்கு இல்லை. போலீஸ் கேட்டால் நிலைமை வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தாங்களாகவே கதவைத் திறந்துவிடுகிறார்கள். 'நான் காலையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனேன்' என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால், 14 நாள் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் செத்துவிடும்.

இப்போது எங்களிடம் இரண்டு வாதங்கள். இரண்டு தடவை போனோம் என்பது ஒன்று. நோட்டீஸ் தாமதம் என்பது மற்றொன்று. முதலாவதை நிரூபிக்கக் காட்டும் காகிதங்கள் யார் ஓட்டினார் என்பதைக் காட்டிக்கொடுத்தால் இரண்டாவது போய்விடும். வங்கிக் கணக்குத் தாளில் ஒருவர் பேர் இருக்கிறது, பாயின்ட் அட்டையில் வேறு பேர். டயர் கடை பில்லில் கணவர் பேர் இருந்தாலும், பணம் கட்டியவர் ஓட்டினார் என்றாகாது, அதுவும் வேறு இடத்தில்.

சிலர் இந்த நிலையில் உண்மைக் கதையை மறைத்துவிட்டு 14 நாள் வாதத்தை மட்டும் வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடந்தது நம் பக்கம் இருக்கும்போது நுணுக்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்வது படிப்பவருக்குச் சந்தேகத்தைத்தான் கொடுக்கும். இரண்டையும் வைத்தோம், ஆனால் எழுதும் விதத்தில் கவனமாக இருந்தோம். கடை பில்களில் நேரம், கடை, பொருள்கள் மட்டும் தெரியும்படி பேரையும் அட்டை எண்ணையும் மறைத்தோம். வாக்கியங்களில் 'நான் போனேன்' வராது, 'வண்டி போனது' என்றுதான் வரும். பொய் ஒன்றுகூட எழுதவில்லை. 'நான் ஓட்டவில்லை' என்று சும்மா எழுதச் சொல்லும் ஆலோசனையை யாரும் கேட்காதீர்கள். ஓட்டியிருந்து அப்படி எழுதினால், விவகாரம் கோர்ட்டுக்குப் போகும்போது பார்க்கிங்கை விடப் பெரிய தொல்லை அது.

கணவர் பேரில் அனுப்பிய முறையீட்டின் சாரம் இது:

'நான் இந்த வண்டியின் பதிவுதாரர். மார்ச் 8 அன்று இந்த வண்டி உங்கள் கார் பார்க்குக்கு இரண்டு தனித்தனி முறை வந்தது. இரண்டும் அனுமதித்த நேரத்துக்குள். நடுவில் 12:20-க்கு வண்டி மூன்று மைல் தள்ளி ஒரு டயர் கடையில் இருந்தது, பில் இணைப்பில். உங்கள் கேமரா முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் தவறாக இணைத்திருக்கிறது. அன்றைய நாளின் துணையில்லாத பதிவுகளை, ஓரிரு எழுத்து மாறிப் படிக்கப்பட்டவை உட்பட, சரிபார்க்கவும். மேலும் நோட்டீஸ் சட்டம் சொல்லும் 14 நாளுக்குள் சேரவில்லை. ஆகவே பதிவுதாரர் என்ற முறையில் எனக்குப் பொறுப்பு இல்லை. ஓட்டியவர் யார் என்பதைத் தெரிவிக்கும் கடமையும் எனக்கு இல்லை. ரத்து செய்யவும், இல்லையென்றால் பாப்லா எண்ணை அனுப்பவும்.'

பாப்லா என்பது நிறுவனம் நிராகரித்தால் அடுத்துப் போகும் முறையீட்டு அமைப்பு. கடிதம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. பன்னிரண்டு பக்க மாதிரிக் கடிதங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, பலகையின் எழுத்தளவு முதல் திட்ட அனுமதி வரை எல்லாக் குறையும் அதில் இருக்கும். நான் அந்தக் கார் பார்க்கைப் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே ஆளுயரப் பலகை, இரண்டு மணி நேரம் என்று தடித்த எழுத்தில். அதைப் போய்த் தெரியவில்லை என்று எழுதினால் டயர் கடை பில்லின் மதிப்பும் சேர்ந்து குறையும்.

அதே நாளில் தனியாக இன்னொரு கடிதமும் போனது. தன்னைப் பற்றி அந்த நிறுவனம் வைத்திருக்கும் எல்லாத் தரவையும், அன்றைய கேமராப் பதிவுகள் உட்பட, கேட்கும் விண்ணப்பம். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்குக் கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

கடையில் கேட்டது

உண்மையில் இதுதான் முதல் படியாக இருக்க வேண்டும், எங்களுக்கும் இதுதான் முதலில் நடந்தது. பலன் இல்லாததால் கடைசியில் சொல்கிறேன். பார்க்கிங் நிறுவனம் கடைக்காக வேலை செய்கிறது; கடை மேலாளர் ஒரு மின்னஞ்சல் போட்டால் பல நோட்டீஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். அக்கா பில்லோடு வாடிக்கையாளர் சேவை மேசைக்குப் போனார். அங்கிருந்த பெண் நன்றாகத்தான் பேசினார், ஆனால் "அது எங்க கையில இல்ல, நோட்டீஸ்ல இருக்கற முகவரிக்கு எழுதுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தலைமை அலுவலகத்துக்கு எழுதியதற்கு வருத்தம் தெரிவிக்கும் பதில் வந்தது. மற்றவர்களுக்கு இது பலித்திருக்கிறது. மேசையோடு நிற்காமல் மேலாளரையே கேட்டுப் பார்ப்பது நல்லது.

பாப்லா

சில வாரங்களில் நிறுவனத்தின் பதில் வந்தது. பலகைகள் தெளிவாக உள்ளன, கேமராக்கள் நம்பகமானவை, வண்டி அனுமதித்த நேரத்தைத் தாண்டி நின்றது, ஆகவே முறையீடு நிராகரிக்கப்படுகிறது. டயர் கடை பில்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 14 நாள் பற்றியும் இல்லை. ஓட்டியவர் பேரையும் முகவரியையும் தாருங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்கள். அக்காவுக்குக் கோபம். எனக்கு அந்தக் கடிதம் பிடித்திருந்தது. ஓட்டியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை என்பதை அவர்களே எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

கடிதத்தின் அடியில் பாப்லா எண் இருந்தது. பிபிஏ உறுப்பினர்களான நிறுவனங்களின் நோட்டீஸ்களைப் பரிசீலிக்கும் அமைப்பு பாப்லா. வாகன ஓட்டிக்குக் கட்டணம் இல்லை. அதன் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. எண் கிடைத்த 28 நாளுக்குள் போக வேண்டும். ஐபிசி என்ற இன்னொரு சங்கத்தில் இருக்கும் நிறுவனம் என்றால் ஐஏஎஸ் என்ற வேறு அமைப்புக்குப் போக வேண்டும். நோட்டீஸின் ஓரத்தில் எந்தச் சங்கத்தின் சின்னம் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். இந்த இரண்டு சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இல்லாத நிறுவனத்துக்கு, வண்டிப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ பதிவுதாரர் விவரமே கொடுக்காது. கொடுக்கும்போது ஒரு விவரத்துக்கு 2.50 பவுண்டு வாங்கிக்கொள்கிறது.

பாப்லாவில் பாவம் பார்ப்பது நடக்காது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை, வரிசை நீளம் என்பவை அங்கே வாதம் ஆகாது. நோட்டீஸ் சரியாகக் கொடுக்கப்பட்டதா என்பதே கேள்வி. பாப்லாவுக்கு அனுப்பும் முறையீட்டில் சொல்லாத வாதத்தைப் பின்னால் சேர்க்கவும் முடியாது. ஆகவே எங்கள் இரண்டு வாதங்களோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: அந்த நிலத்தில் நோட்டீஸ் கொடுக்க நில உரிமையாளரின் எழுத்து அனுமதி இருப்பதைக் காட்ட வேண்டும். இருக்கத்தான் இருக்கும். ஆனால் காட்டும் வேலை அவர்களுடையது.

டயர் கடை பில்லை முதல் இணைப்பாக வைத்து, ஒரு கோட்டில் நேரங்களைப் போட்டு ஒரு படம் வரைந்தோம். 10:12 நுழைவு, 10:44 பில், 12:20 டயர் கடை, 3:02 பில், 3:09 வெளியேற்றம். படிப்பவர் கணக்குப் போட வேண்டியதே இல்லை. 14 நாள் கணக்குக்கு மார்ச் மாத நாட்காட்டியில் 8, 20, 22, 24 ஆகிய தேதிகளை வட்டமிட்டு ஒரு பக்கம்.

நிறுவனம் தன் ஆதாரங்களைச் சமர்ப்பித்தால் அதற்குப் பதில் சொல்ல நமக்கு ஏழு நாள் கிடைக்கும். அதற்குக் காத்திருந்தபோது பாப்லாவிலிருந்து வந்தது வேறு மின்னஞ்சல். நிறுவனம் நோட்டீஸை ரத்து செய்துவிட்டது, ஆகவே பரிசீலனை முடிந்தது என்று. காரணம் எதுவும் இல்லை. எந்த வாதம் வென்றது என்பது எங்களுக்குத் தெரியாது. தீர்ப்பு வந்திருந்தால் அடுத்தவருக்கு உதவியாக இருந்திருக்கும் என்று எனக்கு ஆதங்கம்தான். தோற்கும் என்று தெரிந்ததைத் தீர்ப்பு வரை கொண்டுபோகாமல் விலகிக்கொள்வது அவர்களுக்கு லாபம்.

ரத்து ஆகாமல் போயிருந்தால்?

பாப்லாவிலும் தோற்றிருந்தால் 100 பவுண்டு கட்டுவதா, கோர்ட்டு வரை பார்ப்பதா என்ற முடிவு வந்திருக்கும். கட்டாமல் விட்டால் அடுத்து வருவது கடன் வசூல் நிறுவனங்களின் கடிதங்கள். சிவப்பு எழுத்து, தொகையில் 70 பவுண்டு ஏற்றம். அவர்களுக்கு வீட்டுக் கதவைத் தட்டிப் பொருளை எடுக்கும் அதிகாரம் எதுவும் கிடையாது. கோர்ட்டுத் தீர்ப்பு வந்து, அதையும் கட்டாமல் விட்ட பிறகுதான், கோர்ட்டு அதிகாரத்தோடு பொருளை எடுக்க வரும் பெயிலிஃப் பேச்சே வரும். அந்தக் கடிதங்களைப் பொருட்படுத்த வேண்டாம், ஆனால் தூக்கி எறியவும் வேண்டாம்.

பொருட்படுத்தியே ஆக வேண்டிய கடிதங்கள் இரண்டு. வழக்குக்கு முந்தைய கடிதம், அதற்குப் பதில் சொல்ல 30 நாள். பிறகு கோர்ட்டின் கிளெய்ம் படிவம்; அது சேர்ந்த 14 நாளுக்குள் கிடைத்ததாகத் தெரிவித்துவிட்டால் எதிர்வாதம் தர மொத்தம் 28 நாள் கிடைக்கும். இதைத் தவறவிட்டால் வாதமே கேட்காமல் தீர்ப்பு வரும். தீர்ப்புத் தொகையை ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டினால் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். இல்லையென்றால் ஆறு ஆண்டு கடன் வரலாற்றில் நிற்கும். வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. நம்மவர்களிடம் நான் அதிகம் பார்த்த காரணம் மிகச் சாதாரணமானது: வீடு மாறியிருப்பார்கள், வண்டியின் பதிவுச் சான்றான லாக் புக்கில் முகவரி மாற்றியிருக்க மாட்டார்கள். நோட்டீஸ் முதல் கிளெய்ம் படிவம் வரை எல்லாம் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும். அந்தத் தீர்ப்பை விலக்கக் கேட்கும் விண்ணப்பத்துக்கே நூற்றுக்கணக்கில் கட்டணம். முகவரி மாற்றுவதற்கோ ஒரு பைசா செலவில்லை.

ரத்து என்று மின்னஞ்சல் வந்தபின்னும் அக்காவிடம் காகிதங்களை வைத்திருக்கச் சொன்னேன். ஒப்பந்தக் கடனுக்குக் கோர்ட்டுக்குப் போக ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ரத்தான நோட்டீஸ் கணினியில் ஏதோ ஒரு மூலையில் உயிரோடு இருந்து வசூல் நிறுவனத்துக்குப் போய்விடுவதும் நடக்கிறது.

அந்தத் தரவு விண்ணப்பத்துக்கான பதில் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மாதக் கெடுவையும் தாண்டி வந்தது. பெரும்பாலும் நாங்கள் அனுப்பிய கடிதங்களின் நகல்களே. கடைசிப் பக்கத்தில் கேமராப் பதிவுகளின் பட்டியல். மத்தியான நுழைவு அதில் இல்லவே இல்லை. காலை வெளியேற்றம் இருந்தது: 10:51, துணையில்லாத பதிவு, வண்டி எண்ணின் கடைசிப் பகுதியில் இருந்த 'B' எழுத்தை 8 என்று கேமரா படித்திருந்தது. இங்கே 2001-க்குப் பின் வந்த நம்பர் பிளேட்டுகளில் கடைசி மூன்று இடங்களிலும் எழுத்துதான் வரும், எண் வராது. பட்டியலை ஒரு மனிதர் ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் முறையீட்டில் சரிபார்க்கச் சொன்னதும் இதைத்தான். நோட்டீஸ் அச்சான அன்றே அந்த வரி அவர்களிடம் இருந்தது.